அப்பாவை ட்ராக்கில் இறக்குங்க!

உங்க அப்பாவுக்கு இப்போ என்ன வயசு? 35 தாண்டியாச்சா? அப்போ அவர் 'மாஸ்டர்'! ஸ்கூல் வாத்தியாரைச் சொல்லலை. தடகளத்தில் 35 வயது நிறைந்தவர்கள் ஓடும் போட்டிக்குப் பெயரே மாஸ்டர்ஸ். 35 முதல் 39, 40 முதல் 44 என்று ஐந்தைந்து வயதாகப் பிரித்து, 100 வயதுக்கு மேலும் பிரிவு வைத்திருக்கிறார்கள். 1975-ல் டொரண்டோவில் முதல் உலகப் போட்டி நடந்தது. 2025 நவம்பரில் ஆசியப் போட்டி நம்ம சென்னை நேரு ஸ்டேடியத்துக்கே வந்துவிட்டுப் போனது. காலேஜில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று கேட்டுப் பாருங்க, உதட்டைப் பிதுக்குவார்கள்.

100 மீட்டர் எல்லோரும் பார்ப்பார்கள். மாஸ்டர்ஸில் நிஜமான கதை இருப்பது 1500, 5000, 10,000 மீட்டரில்தான். முல்லைத்தீவு முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மாவைத் தெரியுமா? 2023 நவம்பரில் பிலிப்பைன்ஸில் நடந்த மாஸ்டர்ஸ் போட்டியில் 1500 மீட்டர் ஓட்டத்திலும், 5000 மீட்டர் நடையிலும் தங்கம், 800 மீட்டரில் வெண்கலம். வயது 72! யுத்தம் புரட்டிப்போட்ட மண்ணிலிருந்து வந்தவர். நம்மில் பாதிப்பேர் ஹாஸ்டல் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறோம்.

இன்னொருவர் ஃபௌஜா சிங். 2011 அக்டோபரில் டொரண்டோவில் ஒரே நாளில் எட்டு ஓட்டங்கள். அதில் 5000 மீட்டருக்கு அவர் எடுத்த நேரம் 49 நிமிடம் 57 விநாடி. 'இவ்ளோ ஸ்லோவா?' என்று சிரிக்காதீங்க. அப்போ அவர் வயது 100. சில நாள் கழித்து முழு மாரத்தானையும் முடித்தார். ஆனால் கின்னஸ்காரர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. காரணம், பிறப்புச் சான்றிதழ் இல்லை! நம்ம ஊர்த் தாத்தாக்கள் பாதிப்பேருக்கு, ஸ்கூலில் சேர்க்கும்போது ஹெட்மாஸ்டர் போட்டுவிட்ட ஜூன் மாசம்தானே பிறந்த நாள்? வயதே எல்லாமாக இருக்கிற விளையாட்டில் காகிதம் இல்லாதவர் பாடு கஷ்டம்தான். 2025 ஜூலையில், ஜலந்தர் பக்கத்தில் சொந்தக் கிராமத்தில் வண்டி மோதி இறந்தார்.

சரி, ரேஸ் எப்படி இருக்கும்? ஆள் குறைவு என்றால் பல வயதுப் பிரிவுகளை ஒன்றாகவே ஓட விடுவார்கள். முன்னால் போகிறவர் உங்க எதிரியா, பத்து வயது இளையவரா என்று கண்டுபிடிக்கணும். அதற்காக உலகப் போட்டிகளில் முதுகில் வயதுப் பிரிவு எண்ணும் இருக்கும். 40 வயதுக்காரர் உங்களை ஒரு சுற்று முந்திப் போனால் டென்ஷன் ஆகக் கூடாது, அவருக்கு வேற மெடல்!

கொஞ்சம் கணக்கும் போடலாம், நம்ம புத்தி அப்படித்தானே. 5000 மீட்டர் என்பது பன்னிரண்டரைச் சுற்று. சுற்றுக்கு 2 நிமிடம் என்றால் 25 நிமிடம். ஃபௌஜா சிங் ஓடியது சுற்றுக்குச் சுமார் 4 நிமிடம். லேன் அகலம் 1.22 மீட்டர். யாரையாவது முந்துகிறேன் என்று இரண்டாவது லேனிலேயே ஓடினால் சுற்றுக்கு 7 மீட்டர் கூடுதல். பன்னிரண்டரைச் சுற்றுக்குக் கிட்டத்தட்ட 88 மீட்டர் இலவசமாக ஓடுகிறோம்! வயசானவர்கள் உள் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு பொறுமையாக ஓடுவது இதனால்தான். உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் அளவு முப்பதுக்கு மேல் பத்து வருடத்துக்குச் சுமார் 10 சதவீதம் குறையும். விடாமல் ஓடுகிறவர்களுக்கு இந்தச் சரிவு மெதுவாக இருக்கும்.

இப்போ நம்ம பாரூர், போச்சம்பள்ளி, ஓசூர் பக்கம் வாங்க. முதல் ஷிஃப்ட், ரெண்டாவது ஷிஃப்ட், நைட் ஷிஃப்ட் என்று வாரம் ஒரு தூக்கம் தூங்குகிற அப்பாக்கள் எத்தனை பேர்! ஸ்கூலில் 1500 மீட்டரில் கப் வாங்கியவர் இன்று கம்பெனி பஸ்ஸுக்கு மட்டும்தான் ஓடுகிறார். நாற்பதில் சுகர், நாற்பத்தைந்தில் பிரஷர் மாத்திரை. இது நம்ம வீட்டுப் பிரச்சனை பாஸ்.

இடம் இல்லை என்று சொல்ல முடியாது. பாரூருக்கு அவ்வளவு பெரிய ஏரி இருக்கு, கரை இருக்கு. கிருஷ்ணகிரியில் மாவட்ட விளையாட்டு அரங்கம். சிந்தெடிக் ட்ராக்கைப் பார்க்கணும்னா ஓசூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் பெங்களூரு கண்டீரவா. கஷ்டம் வேற இடத்தில். மாஸ்டர்ஸ் போட்டிக்கு நுழைவுக் கட்டணம், ரயில் டிக்கெட், தங்கும் செலவு எல்லாம் பெரும்பாலும் சொந்தக் காசு. நாட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட அமைப்புகள் போட்டி நடத்துவதால், எது உலகப் போட்டிக்குத் தகுதி தரும் என்று விசாரித்த பிறகே பணம் கட்டணும்.

இன்னிக்கு ராத்திரி சாப்பாட்டு நேரத்தில், 'ஸ்கூல்ல என்ன ஓடுனீங்கப்பா?' என்று கேட்டுப் பாருங்க. ஆர்வமாகப் பேச ஆரம்பித்தால் முதலில் டாக்டரிடம் கூட்டிப் போங்க, ஈ.சி.ஜி. எடுங்க. அப்புறம் ஒரு மாசம் வெறும் நடை, அதன் பிறகு நடையும் ஓட்டமும் மாற்றி மாற்றி. நைட் ஷிஃப்ட் முடிந்து வந்த காலையில் மட்டும் வேண்டாம், தூங்க விடுங்க.