சுவரிலும் தரையிலும் துளையிடும்போது கவனிக்க வேண்டியவை

அலமாரி பொருத்துவதற்கும் சாமிப்படம் மாட்டுவதற்கும் டிரில் கொண்டு துளையிடுவது வீடுகளில் வழக்கமான வேலையாகும். எனினும், சுவருக்குள்ளும் தரையின் கீழும் மின்கம்பிகள், தண்ணீர்க் குழாய்கள், எரிவாயுக் குழாய்கள் ஆகியன மறைந்திருக்கலாம். ஆகவே, வேலையைத் தொடங்குமுன் பின்வருவனவற்றை வாசியுங்கள்.

முதலில் கேட்டறியுங்கள்
சபை வீட்டில் வசிப்போர் வீடமைப்பு அலுவலகத்திடமும், தனியார் வீட்டில் வாடகைக்கு இருப்போர் வீட்டு உரிமையாளரிடமும் அனுமதி தேவையா என்பதையும், அஸ்பெஸ்டஸ் உள்ளதா என்பதையும் கேட்டறிதல் வேண்டும்.

அஸ்பெஸ்டஸ்
பிரித்தானியாவில் இது 1999ஆம் ஆண்டில் முற்றாகத் தடைசெய்யப்பட்டது. அதற்கு முன்னர் கட்டப்பட்ட வீடுகளின் சொரசொரப்பான உட்கூரைப் பூச்சிலும், பழைய தரை ஓடுகளிலும், குழாய்களை மறைக்கும் பலகைகளிலும் இது இருக்கக்கூடும். இதன் நுண்ணிய இழைகளைச் சுவாசிப்பதால் உண்டாகும் புற்றுநோய் பல பத்தாண்டுகள் கழிந்தே வெளிப்படும். கிழக்கு லண்டனின் பார்க்கிங் நகரில் 1968 வரை இயங்கிய அஸ்பெஸ்டஸ் தொழிற்சாலையின் தொழிலாளர்கள் மட்டுமன்றி, அயலில் வசித்தோரும் இந்நோய்க்கு இரையாயினர். ஐயம் இருப்பின் துளையிடாதீர்கள்.

மின்கம்பிகளும் குழாய்களும்
• சுவிட்ச், பிளக் பொயின்ட் ஆகியவற்றுக்கு நேர் மேலும் கீழும் பக்கவாட்டிலும் துளையிடாதீர்கள். உட்கூரையிலிருந்தும் சுவர் மூலைகளிலிருந்தும் 150 மில்லிமீட்டர் தள்ளியே துளையிடுங்கள்.
• பழைய வீடுகளில் கம்பிகள் எத்திசையிலும் செல்லலாம். ஆகையால், கம்பிகளையும் குழாய்களையும் கண்டறியும் கருவியால் சோதியுங்கள்.
• அவ்விடத்திற்கான மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பேட்டரியில் இயங்கும் டிரிலைப் பயன்படுத்துங்கள்.
• தேவையான ஆழத்தை டிரில் அலகில் ஒட்டுநாடாவால் குறித்துக்கொள்ளுங்கள். மரத்தரையின் கீழே குழாய்கள் மிக அருகிலேயே இருக்கலாம்.

தூசி
செங்கல், கொங்கிரீட் ஆகியவற்றின் தூசியிலுள்ள சிலிக்கா நுரையீரலைப் பாதிக்கும். எஃப்.எஃப்.பி.3 தர முகக்கவசமும் பாதுகாப்புக் கண்ணாடியும் அணியுங்கள். தூசியை உலர்வாகப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். சிறுவர்களை அறைக்கு வெளியே இருக்கச் செய்யுங்கள்.

தவறு நேர்ந்தால்
• எரிவாயு மணம் வந்தால் சுவிட்சுகளைத் தொடாதீர்கள், தீ மூட்டாதீர்கள். கதவு, யன்னல்களைத் திறந்து, இயலுமாயின் மீற்றரருகே உள்ள வால்வை மூடி, அனைவரும் வெளியேறுங்கள். பின்னர் 0800 111 999 என்ற இலவச அவசர எண்ணை அழையுங்கள். இது 24 மணி நேரமும் இயங்கும்.
• மின்கம்பி வெட்டுப்பட்டால் அதைத் தொடாமல் பிரதான சுவிட்சை அணைத்து, தகுதிபெற்ற மின்பணியாளரை அழையுங்கள்.
• தண்ணீர்க் குழாய் உடைந்தால் பிரதான வால்வை மூடுங்கள். அது எங்குள்ளது என்பதை இன்றே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.