நாய்க்குச் சேராத உணவு

நம் வீடுகளில் ‘சேராது’ என்று ஒரு சொல் வழங்குகிறது. ஒருவருக்குக் கத்தரிக்காய் சேராது. இன்னொருவருக்குக் கருவாடு சேராது. தின்ற சற்று நேரத்தில் உடம்பு தடித்து அரிக்கத் தொடங்கும். மருத்துவர்கள் இதனை ஒவ்வாமை என்பார்கள். மனிதனோடு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்து, அவன் உண்பதில் பங்கு பெற்றுவரும் நாய்க்கும் ஒவ்வாமை உண்டு. ஆனால் எது சேரவில்லை என்று சொல்ல அதற்கு வாயில்லை. நாள் முழுதும் சொறிந்துகொள்கிறது. பாதங்களை நக்கிக்கொண்டே இருக்கிறது. காதில் அழுக்கும் சீழும் கட்டி நாற்றம் வீசுகிறது. வீட்டார் சோப்பை மாற்றிப் பார்ப்பார்கள், வேப்பிலை அரைத்துப் பூசிப் பார்ப்பார்கள், ஊசி போடுவார்கள். ஊசிக்கு அடங்கும், சில வாரங்களில் மீண்டும் தொடங்கும். கடைசியில் சலித்துப்போய்ச் ‘சொறிநாய்’ என்று தெருவில் விட்டுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். இப்படி அவதிப்படும் நாய்களுள் ஒரு பகுதிக்கு வேண்டியது புதிய மருந்தன்று, வேறு உணவு. அந்த உணவைத் தேர்ந்தெடுக்க ஒரு முறை இருக்கிறது. அதற்குப் பணத்தைவிடப் பொறுமைதான் அதிகம் தேவை.

நாய்களிடம் தொடங்கிய ஆராய்ச்சி

ஒவ்வாமையைப் பற்றிய அறிவியலே நாய்களிடமிருந்துதான் தொடங்கியது எனலாம். 1901ஆம் ஆண்டில் சார்ல் ரிஷே, பால் போர்ட்டியே என்னும் இரு பிரெஞ்சு அறிஞர்கள் மொனாக்கோ இளவரசரின் கப்பலில் சென்று, கடலில் மிதக்கும் சொறிமுட்டை போன்ற ஓர் உயிரின் நஞ்சை ஆராய்ந்தனர். பாரிசுக்குத் திரும்பிய பின் கடல் அனிமோனின் நஞ்சைக் கொண்டு சோதனைகளைத் தொடர்ந்தனர். சிறிதளவு நஞ்சைக் கொடுத்துப் பழக்கினால் நாய்க்கு அதைத் தாங்கும் வலிமை வரும் என்று அவர்கள் எதிர்பார்த்தார்கள். நடந்தது நேர்மாறு. முதல் ஊசியை எளிதாகத் தாங்கிக்கொண்ட நாய், சில வாரங்கள் கழித்து மீண்டும் சிறிதளவு நஞ்சைச் செலுத்தியதும் மூச்சுத் திணறி, அரை மணி நேரத்துக்குள் இறந்துபோயிற்று. பாதுகாக்க வேண்டிய உடலமைப்பே உயிருக்குப் பகையாகிவிட்டது! இக்கண்டுபிடிப்புக்காக ரிஷே 1913இல் நோபல் பரிசு பெற்றார். ‘அலர்ஜி’ என்னும் சொல்லை 1906இல் உருவாக்கியவர் வியன்னா நகரக் குழந்தை மருத்துவர் பிர்க்கே ஆவார்.

இந்தச் சோதனையிலிருந்து ஒன்றை நாம் மனத்திற்கொள்ள வேண்டும். ஒவ்வாமை முதல் சந்திப்பில் வருவதில்லை. உடல் ஒரு பொருளை முன்பே சந்தித்து, அதைத் தவறாகப் பகைவன் என்று குறித்து வைத்திருக்க வேண்டும். ‘நான்கு வருடமாக இதைத்தானே தின்கிறது, இப்போது மட்டும் எப்படிச் சேராமற்போகும்?’ என்று நாய் வளர்ப்போர் கேட்பதுண்டு. நான்கு வருடமாகத் தின்றதனால்தான் சேராமற்போயிற்று என்பதே விடை.

உடலுக்குள் நடப்பது என்ன? உணவிலுள்ள ஒரு புரதத்தை எதிரியாகக் கருதும் உடல், அதற்கென இம்யூனோகுளோபுலின்-ஈ என்னும் எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. (1966இல் இஷிசாகா தம்பதியர் இதைக் கண்டறிந்தனர்.) இவ்வெதிர்ப்பொருள் தோலிலும் குடலிலும் உள்ள மாஸ்ட் செல்களின் மேல் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். அதே புரதம் மீண்டும் வரும்போது அது அடுத்தடுத்த இரண்டு எதிர்ப்பொருள்களை ஒரு பாலம்போல் இணைக்கும். இணைத்த மறுகணம் செல் வெடித்தாற்போல் ஹிஸ்டமினையும் வேறு சில பொருள்களையும் கொட்டிவிடும். அரிப்பும் வீக்கமும் அதனால் வருவன. இந்தப் ‘பாலத்தை’ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். நாய்களில் இதோடு, டி-செல்கள் நடத்தும் மெதுவான வினையும் கலந்திருக்கிறது. ஆகவே இன்று தின்றதற்கு நாலைந்து நாள் கழித்துச் சொறிவதும் உண்டு.

பால் குடித்த நாய்க்கு வயிற்றுப்போக்கு வந்தால் அதை உடனே ஒவ்வாமை என்று சொல்லிவிடக் கூடாது. வளர்ந்த நாய்கள் பலவற்றில் பாற்சர்க்கரையைச் செரிக்கும் என்சைம் குறைவு. அது வெறும் செரிமானக் கோளாறு. ஒவ்வாமையோ புரதத்தால் வருவது. பெரும்பாலும் தோலிலும் காதிலும் காட்டுவது.

எவை சேராதவை?

‘அரிசி சூடு, மைதா கெடுதல், தானியமே நாய்க்கு ஆகாது’ என்றெல்லாம் பேசப்படுகிறது. கணக்கு வேறுவிதமாக இருக்கிறது. உணவு ஒவ்வாமை உறுதி செய்யப்பட்ட 297 நாய்களின் விவரங்களைத் தொகுத்து 2016இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. அதன்படி 34 விழுக்காட்டு நாய்களுக்கு மாட்டிறைச்சியும், 17 விழுக்காட்டுக்குப் பால் பொருள்களும், 15 விழுக்காட்டுக்குக் கோழியும், 13 விழுக்காட்டுக்குக் கோதுமையும் ஒவ்வவில்லை. முட்டை, மக்காச்சோளம் ஆகியவை 4 விழுக்காடு அளவிலேயே இருந்தன. அரிசியும் மீனும் 2 விழுக்காடுதான். தானியத்தைப் பொறுத்தவரை, நாய் ஓநாயிடமிருந்து விலகிவந்துவிட்ட பிராணி. மாவுப்பொருளைச் செரிக்கும் அமிலேஸ் என்சைமுக்குரிய ஜீன் ஓநாயில் இரண்டு பிரதிகளே உண்டு. நாயில் நான்கு முதல் முப்பது வரை இருப்பதாக 2013இல் கண்டறிந்தார்கள். சோறு தின்பதற்கு ஏற்றாற்போல் அதன் உடலே மாறியிருக்கிறது.

ஆனால் மேற்சொன்ன பட்டியல் மேல்நாட்டு நாய்களைப் பெரும்பாலும் பற்றியது. அங்கே மாட்டிறைச்சி முதலிடம் பெறுவதற்கு, அது அதிகமாகப் போடப்படுவதும் ஒரு காரணம். பாலும் தயிர்சாதமும், கோழித் தலையும் காலும், டீக்கடைப் பன்னும் பிஸ்கட்டும் தின்று வளரும் நம் நாய்க்கு ஐயப்பட வேண்டியவை இவைதாம்.

முதலில் வேறு காரணம் இல்லையா?

உணவின் மேல் பழி போடுவதற்கு முன் தெள்ளுப்பூச்சி, சொறியை உண்டாக்கும் சிற்றுண்ணி, பூஞ்சைக் காளான் ஆகியவற்றை மருத்துவர் தேடிப் பார்த்து ஒதுக்க வேண்டும். நம் நாட்டு வெப்பத்தில் இவையே முன்னணிக் குற்றவாளிகள். எந்த நோய்க்காகவேனும் மருத்துவமனைக்கு வரும் நாய்களில் உணவு ஒவ்வாமை உடையவை 1 முதல் 2 விழுக்காடே. அரிப்புக்காக வரும் நாய்களை மட்டும் எடுத்துக்கொண்டால், ஆய்வுக்கு ஆய்வு வேறுபட்டு 9 முதல் 40 விழுக்காடு வரை வருகிறது. ஆண்டு முழுவதும் ஓயாத அரிப்பு, திரும்பத் திரும்ப வரும் காது நோய், ஒரு வயதுக்கு முன்பே தொடங்கிய தொல்லை, ஒரு நாளில் பலமுறை மலங்கழித்தல் ஆகியவை உணவைச் சந்தேகிக்க வைக்கும் அறிகுறிகள்.

ஒரு துளி இரத்தம் எடுத்துச் சோதித்துச் சொல்லிவிட முடியாதா? இதற்கெனச் சோதனைகள் விற்கப்படுகின்றன. முடியையும் எச்சிலையும் தபாலில் அனுப்பினால் நீண்டதொரு பட்டியலே வந்து சேரும். 2019இல் வெளியான ஓர் ஆய்வில், உண்மையான நாய்களின் மாதிரிகளோடு பொம்மையின் போலி முடியையும் தண்ணீரையும் சேர்த்து அனுப்பினார்கள். பொம்மைக்கும் ஒவ்வாமை இருப்பதாக முடிவு வந்தது! இரத்தச் சோதனையும் நம்பத்தக்கதாக இல்லை. உணவை மாற்றிப் பார்த்தல் ஒன்றே இன்றுவரை உறுதியான சோதனை.

புதிய புரதம், நறுக்கிய புரதம்

நாய் இதுவரை தின்ற அனைத்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். குட்டிப் பருவத்தில் கொடுத்த செரலாக், பக்கத்து வீட்டுப் பாட்டி போடும் இட்லி, ஒன்றையும் விடக்கூடாது. இந்தப் பட்டியலில் இல்லாத ஒரு புரதத்தையும் ஒரு மாவுப்பொருளையும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இதில் உறவுமுறை பார்ப்பது அவசியம். பசும்பால், மாட்டிறைச்சி, செம்மறி இறைச்சி இம்மூன்றுக்கும் பொதுவான புரதங்கள் உண்டு. பால் சேராத நாய்க்கு ஆட்டிறைச்சியும் சேராமற்போகலாம். எருமையும் வெள்ளாடும் அதே குடும்பம். கோழிக்கு வாத்தும் வான்கோழியும் உறவு. பாலுக்குப் பதில் பன்னீர் என்பது ஏமாற்று. அமெரிக்காவில் 1980களில் செம்மறி இறைச்சியும் அரிசியும் கலந்த உணவு ஒவ்வாமைக்கு உகந்ததெனப் புகழ்பெற்றது. மாடும் கோழியுமே தின்றிருந்த அந்நாட்டு நாய்களுக்குச் செம்மறி புதிது. அவ்வளவுதான் அதன் சிறப்பு. எல்லாரும் அதையே போடத் தொடங்கியதும், அதற்கும் ஒவ்வாமை கொண்ட நாய்கள் தோன்றின. ஒவ்வாமை தராத இறைச்சி என்று உலகில் ஒன்றும் இல்லை. அந்த நாய் சந்திக்காத இறைச்சிதான் உண்டு.

நமக்குக் கிடைப்பவற்றில் முயல் இறைச்சி நல்ல தேர்வு. முயல் பண்ணைகள் தமிழ்நாட்டில் உள்ளன. கொடைக்கானலை அடுத்த மன்னவனூரில் மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையமே இறைச்சி முயல்களை வளர்க்கிறது. அது கிடைக்காவிட்டால், முன்பு தின்றிராத பட்சத்தில், நன்கு வெந்த பன்றி இறைச்சியைக் கொடுக்கலாம். மீனும் உதவும், ஆனால் கோழிப் புரதங்கள் சிலவற்றுக்கும் மீன் புரதங்களுக்கும் ஒற்றுமை இருப்பதை ஆய்வுக்கூடத்தில் கண்டிருக்கிறார்கள். கோழிமேல் ஐயம் இருந்தால் மீனை இரண்டாம் இடத்தில் வைப்பதே நல்லது. மாவுப்பொருளுக்குச் சர்க்கரைவள்ளிக் கிழங்கோ உருளைக்கிழங்கோ போதும்.

இரண்டாவது வழி, ஆலையில் என்சைமால் துண்டு துண்டாக நறுக்கப்பட்ட புரதம் சேர்ந்த உணவு. முன்னர்ச் சொன்ன பாலம் நினைவிருக்கிறதல்லவா? புரதம் மிகச் சிறு துண்டாகிவிட்டால் இரண்டு எதிர்ப்பொருள்களை எட்டிப் பிடிக்க அதனால் இயலாது. பாலம் அமையாது, செல்லும் அமைதியாயிருக்கும். மருத்துவர் சீட்டின் பேரில் கிடைக்கும் இவ்வுணவு விலை கூடியது. மூலப் புரதத்துக்கு மிகுந்த ஒவ்வாமையுள்ள சில நாய்களுக்கு இதுவும் ஒத்துக்கொள்வதில்லை. கடைகளில் சாதாரணமாக விற்கும் ‘ஒரே இறைச்சி’ உணவுப் பைகளைச் சோதனைக்கு நம்ப வேண்டாம். அட்டையில் எழுதாத இறைச்சிகள் அவற்றில் கலந்திருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. ஒரே எந்திரத்தில் கோழி உணவை அரைத்துவிட்டு அடுத்து மீன் உணவை அரைத்தால் வேறென்ன ஆகும்?

எட்டு வாரம்

வீட்டிலே சமைப்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 15 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 700 கலோரி வேண்டும். எலும்பு நீக்கி வேகவைத்த முயல் இறைச்சி 150 கிராம், அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு 400 கிராம், சூரியகாந்தி எண்ணெய் இரண்டு தேக்கரண்டி என்றால் கணக்குச் சரியாகிவிடும். இதை இருவேளையாகப் பிரித்துக் கொடுக்கலாம். வாரந்தோறும் எடை பார்த்துக் கூட்டிக் குறைக்க வேண்டும். வெங்காயம், பூண்டு, மசாலா கூடவே கூடாது. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. வெந்த எலும்பையும் போடக்கூடாது. அது கூராக உடைந்து குடலைக் கிழிக்கும். பழைய உணவிலிருந்து நாலைந்து நாளில் படிப்படியாக மாற்றினால் வயிறு கெடாது.

இனி எட்டு வாரத்துக்கு வேறொன்றும் வாயில் படக்கூடாது. ஐந்தாம் வாரத்துக்குள் 80 விழுக்காட்டுக்கு மேற்பட்ட நாய்களும், எட்டாம் வாரத்துக்குள் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்டவையும் குணமடைகின்றன. மூன்றாம் வாரத்திலேயே கைவிடுபவர்கள் மிகுதி. இன்னும் பலர் தம்மையறியாமல் கெடுத்துவிடுகிறார்கள். குழந்தை மேசைக்கடியில் நழுவவிடும் பிஸ்கட், மாத்திரையைப் பொதிந்து கொடுக்கும் வெண்ணெய், இறைச்சிச் சுவையூட்டிய பூச்சி மாத்திரை, கடித்து விளையாடும் தோல் எலும்பு, தெருமுனைக் குப்பைத்தொட்டி ஆகிய ஒவ்வொன்றும் சோதனையை முதலிலிருந்து தொடங்க வைக்கும். வீட்டிலுள்ள அனைவரும், வேலைக்கு வருபவர் உட்பட, உடன்பட வேண்டும். அரிப்பு தாங்க முடியாதிருந்தால் தொடக்கத்தில் மருத்துவர் மருந்து தருவார். அதை நிறுத்திய பிறகும் அரிப்பு வராதிருந்தால்தான் உணவு பலித்ததாகக் கொள்ளலாம்.

குணமாகிவிட்டதா? இப்போதுதான் யாருக்கும் மனம் வராத வேலை: பழைய உணவை மீண்டும் கொடுத்துப் பார்க்க வேண்டும். பருவம் மாறியதாலோ மருந்தினாலோ குணமாகியிருக்கலாமல்லவா? பழைய உணவே காரணமென்றால் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் அரிப்பு திரும்பும். உடனே புதிய உணவுக்குத் திரும்பி, அடங்கிய பின் பால், கோழி, முட்டை, கோதுமை என ஒவ்வொன்றாக இரண்டிரண்டு வாரம் சேர்த்துப் பார்க்கலாம். பெரும்பாலான நாய்களுக்குச் சேராதவை ஒன்றோ இரண்டோதான். அவற்றை மட்டும் விலக்கி, மற்றவற்றைத் தாராளமாகக் கொடுக்கலாம். வாழ்நாள் முழுதும் முயல் தேடி அலைய வேண்டியதில்லை.

ஒருவேளை வீட்டுச் சமையலையே நிலையாக்க விரும்பினால் கவனம் தேவை. நூல்களிலும் பிற இடங்களிலும் வந்த 200 சமையல் குறிப்புகளை அமெரிக்க ஆய்வாளர்கள் 2013இல் அலசியதில், 190இல் ஏதேனும் ஓர் இன்றியமையாச் சத்து குறைவாயிருந்தது. மேலே சொன்ன முயல்–கிழங்கு உணவிலும் கால்சியம் மிகக் குறைவு, அதனோடு ஒப்பிட்டால் பாஸ்பரஸ் மிகுதி. வளர்ந்த நாய் சில வாரம் இதைத் தாங்கும். நீடித்தால் எலும்பிலிருந்து கால்சியம் உருவப்பட்டு எலும்பு வலுவிழக்கும். நாம் சொன்ன 15 கிலோ நாய்க்கு நாளொன்றுக்கு 1 கிராம் கால்சியம் வேண்டும். அதைச் சுமார் 2½ கிராம் கால்சியம் கார்பனேட்டாகச் சுவையூட்டாத மாத்திரையில் தரலாம். முட்டையோட்டுப் பொடி மலிவுதான். ஆனால் ஓட்டில் ஒட்டிய சவ்வில் முட்டைப் புரதம் இருப்பதால் சோதனைக் காலத்துக்கு ஆகாது. துத்தநாகம், அயோடின், வைட்டமின் டி, ஈ ஆகியவற்றின் அளவைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். வளரும் குட்டிக்கு, குறிப்பாகப் பெரிய இனக் குட்டிக்கு, அவரைக் கேளாமல் ஒரு வாரம்கூட இந்த உணவைக் கொடுப்பது தகாது.

எட்டு வாரம் பழுதின்றி நடத்தியும் அரிப்பு குறையாத நாய்கள் உண்டு. அவற்றுக்கு ஒவ்வாதது தட்டில் இல்லை. வீட்டுத் தூசியில் வாழும் சிற்றுண்ணியோ, மகரந்தமோ காரணமாயிருக்கும். அவற்றுக்கு வேறு மருத்துவம் இருக்கிறது. பழைய சோற்றையும் தயிரையும் அந்த நாய்களுக்குத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.