விரல் வீக்கமும் நெஞ்சு நோவும்

2012 ஆம் ஆண்டு கிளிநொச்சிப் பக்கம் எமது காணிக்குத் திரும்பி வந்து, தறப்பாள் கொட்டிலுக்குள் இருந்த காலம். ஒரு நாள் விடிய எழும்பித் திருவலையில் இருந்தேன். தேங்காய்ப் பாதி கைக்குள் நிற்கவில்லை. இரண்டு கை விரல்களும் விறைத்து, மொளிகள் வீங்கிச் சூடாக இருந்தன. ஒன்பது மணி கழியத்தான் கை ஓரளவு இளகியது.

வீட்டுக்குக் கல் அரிந்த கை, கிணற்றில் தண்ணீர் அள்ளிய கை, நோகத்தானே செய்யும் என்று நினைத்தேன். அவர் 2009 இல் போன பிறகு இரண்டு பிள்ளைகளையும் பார்க்க வேறு கை இல்லை. மருந்துக்கடையில் "கைநோவுக்கு" என்று கேட்டால் சிறிய கடதாசிப் பையில் குளிசை கட்டித் தருவார்கள். பையில் பெயர் இருக்காது. போட்டால் அன்றைக்கு வேலை செய்யலாம். அப்படியே நாலு வருடம் போட்டேன்.

2016 இல் கை மடங்கத் தொடங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டொக்டர் விரல்களை ஒவ்வொன்றாக அமத்திப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அம்மா, இது வேலை செய்து வந்த நோவில்லை. காலமையில ஒரு மணித்தியாலத்துக்கு மேல விறைப்பு, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வீக்கம் என்றால் இரத்தம் சோதிக்க வேணும்." சோதித்ததில் ருமட்டொயிட் ஆத்திரைட்டிஸ் என்றார்கள். எமது ஆட்கள் முடக்குவாதம் என்பது இதைத்தான்.

நோய்க்கிருமிகளை எதிர்க்க வேண்டிய எமது நிர்ப்பீடனத் தொகுதி, ஆள் மாறி எமது மூட்டுகளையே தாக்குவதால் ஏற்படும் அழற்சி நோய் இது. வயது வந்தவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கு அல்லது அதற்கும் சற்றுக் குறைவானோருக்கு வருகிறது. ஆண்களை விடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். வயதானவர்களுக்கு வரும் மூட்டுத் தேய்வு இதுவல்ல. முப்பது வயதிலும் வரும்.

இவ்வளவும் எனக்கு விளங்கியது. ஆனால் மூட்டு நோய்க்கும் இருதயத்துக்கும் தொடர்பு இருக்கிறது என்பது 2019 வரைக்கும் எனக்குத் தெரியாது. கிளினிக்கில் சொல்லியும் இருப்பார்கள். அந்தச் சனத்துக்குள், பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில், காதில் ஏறவில்லை போலும்.

எனது அண்ணருக்கும் வாதம்தான், ஆனால் வேறு வகை. யூரிக் அமிலம் கூடி, கால் பெருவிரல் சிவந்து வீங்கும். கவுட் என்பார்கள். அது ஆண்களுக்குத்தான் கூட வரும். பெண்களுக்கு வந்தால் பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பிறகு. அவருக்குச் சிகரெட் பழக்கமும் இருந்தது. 2019 மாசி மாதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வியர்வையில் குளித்து விழுந்தார். அரை மணித்தியாலத்துக்குள் அயலவர்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மாரடைப்பு என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

அதே ஆண்டு புரட்டாதியில் எனக்கு நாடி நொந்தது. பல்நோவு என்று நினைத்தேன். பிறகு இரண்டு தோளுக்கும் நடுவில் முதுகு நொந்தது. கிணற்றடிக்கும் அடுப்படிக்கும் நடக்கவே மூச்சு வாங்கியது. சத்தி வருமாப்போல் இருந்தது. நெஞ்சுக்குத்து என்று ஒன்றுமில்லை. மச்சாள் வந்து, "பிள்ளையளை யோசிச்சு யோசிச்சுத்தான் உனக்கு உந்த வருத்தம்" என்று கொத்தமல்லி அவித்துத் தந்தா. நானும் அப்படித்தான் நம்பினேன். நோவோடு ஏழு வருடம் வாழ்ந்தவளுக்கு இன்னொரு நோவு பெரிதாகத் தெரியாது. மூன்றாம் நாள் ஓட்டோவில் போனேன். ஈ.சி.ஜி.யும் இரத்தப் பரிசோதனையும் செய்துவிட்டு, சிறிய மாரடைப்பு, இரண்டு நாளுக்கு முன்பே வந்திருக்கிறது என்றார்கள். எனக்கு அப்போது 49 வயது.

கட்டிலில் கிடந்த நாட்களில் ஒரு பெண் டொக்டர் பொறுமையாக விளங்கப்படுத்தினா. மூட்டில் எரிகிற அழற்சி மூட்டோடு நிற்பதில்லை. அது குருதியோடு உடம்பெல்லாம் சுற்றுகிறது. குருதிக் குழாய்களின் உட்சுவரைப் புண்ணாக்கி, அங்கே கொழுப்புப் படிவதை விரைவாக்குகிறது. படிந்த கொழுப்பு வெடித்தால் குருதி கட்டிபட்டு வழி அடைபடும். முடக்குவாதம் உள்ளவருக்கு, அதே வயதுடைய மற்றவரை விட இருதய நோய் ஆபத்து ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. ஆபத்தைக் கணக்கிடும்போது வரும் எண்ணை 1.5 ஆல் பெருக்கச் சொல்லி ஐரோப்பிய வாத நோய் மருத்துவர்களின் வழிகாட்டலே இருக்கிறது. கவுட்டிலும் ஆபத்துக் கூடுகிறது.

ஆணா பெண்ணா என்று பார்த்தால், மொத்தத்தில் மாரடைப்பு ஆண்களுக்குத்தான் கூடுதலாகவும் இளவயதிலும் வருகிறது. மாதவிடாய் நிற்கும் வரைக்கும் பெண்களுக்கு ஓரளவு பாதுகாப்பு உண்டு என்பதும் பொதுவில் சரிதான். ஆனால் முடக்குவாதம் உள்ள பெண் அந்தப் பாதுகாப்பை நம்பி இருக்க முடியாது. அமெரிக்காவில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண் தாதியரை நீண்டகாலம் அவதானித்து 2003 இல் வெளியான ஆய்வில், இந்நோய் உள்ள பெண்களுக்கு மாரடைப்பு ஆபத்து மற்றவர்களைப் போல் இரண்டு மடங்காகக் காணப்பட்டது. நோய் வந்து பத்து வருடம் கடந்தவர்களுக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு. அதோடு, இந்நோயாளருக்கு நெஞ்சுநோவு இல்லாமலே மாரடைப்பு வந்துபோவதும் கூடுதலாம். எனக்கு நடந்தது அதுதான்.

இன்னொரு விடயம் என்னை ஆச்சரியப்படுத்தியது. எனது கொலஸ்ரோல் குறைவாக இருந்தது. அழற்சி கடுமையாக உள்ளபோது கொலஸ்ரோல் குறைத்துக் காட்டுமாம். அதைப் பார்த்து நிம்மதிப்படக் கூடாது.

அந்தப் பெயரில்லாக் குளிசைகளைப் பற்றியும் கேட்டா. மிச்சமிருந்த பையைக் காட்டினேன். ஒன்று டைக்ளோபெனாக், மற்றது பிறட்னிசலோன் என்கிற ஸ்ரீரொயிட். முதலாவது நோவைக் குறைக்கும், ஆனால் குருதியமுக்கத்தைக் கூட்டி, சிறுநீரகத்தையும் இருதயத்தையும் பாதிக்கக்கூடியது. இரண்டாவது சீனியையும் பிறசரையும் ஏற்றும். டொக்டர் சிறிய அளவில் கணக்காகத் தரும்போது அதுவே உதவும். நாமாக வாங்கி வருடக்கணக்கில் விழுங்கினால் இப்படித்தான். நீண்டகாலம் எடுத்தவர்கள் அதைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. மருந்துக்கடைக்காரரில் எனக்கு இன்னும் கோபம்தான். கேட்காமல் வாங்கிய என்னிலும் கோபம்.

நோயை உள்ளுக்குள் அடக்குகிற மருந்து மெத்தோரெக்சேற். கிழமைக்கு ஒரு நாள் மட்டுமே எடுப்பது. தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. நான் கிளினிக் கொப்பியில் ஞாயிறு என்று சிவப்பு மையால் எழுதி வைத்திருக்கிறேன். பிள்ளை பெற இருக்கிற தங்கைமார் அதை டொக்டரிடம் முதலே சொல்லிவிட வேண்டும், கர்ப்பத்தில் இந்த மருந்து கூடாது. இரத்தப் பரிசோதனைக்கும் தவறாமல் போக வேண்டும். "அழற்சியை அடக்கி வைச்சால் மூட்டுக்கும் நல்லது, இருதயத்துக்கும் நல்லது" என்று அந்த டொக்டர் சொன்னா. இப்போது அதோடு அஸ்பிரினும் கொலஸ்ரோல் குளிசையும் எடுக்கிறேன். உப்பைக் குறைத்துவிட்டேன், கருவாடு மாதத்தில் ஒரு நாள்தான். பின்னேரம் குளக்கட்டில் அரை மணித்தியாலம் நடக்கிறேன். மூட்டு நோவுக்கு நடக்கக் கூடாது என்று அயலில் சொல்வார்கள். வீக்கம் கடுமையான நாளைத் தவிர நடப்பதுதான் நல்லதாம். அம்மா வெற்றிலையோடு புகையிலை போடுவா, அதை மட்டும் என்னால் நிறுத்துவிக்க முடியவில்லை.

பிறசரும் சீனியும் பார்க்கக் காசு தேவையில்லை. 35 வயதைக் கடந்தவர்களுக்கு அரச ஆஸ்பத்திரிகளில் இலவசமாகப் பார்க்கிறார்கள். போகும்போது, "எனக்கு முடக்குவாதம் இருக்கு, இருதயத்தையும் பாருங்கோ" என்று நாங்களாகவே சொல்ல வேண்டும். திடீரென நாடி, முதுகு, தோள் நொந்து, இளைப்பும் வியர்வையும் வந்தால் 1990 க்கு அடிக்கலாம். அந்த இலவச அம்புலன்ஸ் 2018 இல் வடக்குக்கு வந்துவிட்டது. எனக்கு வருத்தம் வந்த நாளில் அது எங்கள் ஒருவருக்கும் நினைவில் வரவில்லை.

அண்ணர் சிகரெட்டை விட்டுவிட்டார். இருவருக்கும் கிளினிக் ஒரே நாள்தான், வருகிற செவ்வாய். பின்வளவுத் தங்கச்சிக்கு மூன்று மாதமாகக் காலையில் விரல் விறைக்கிறதாம். கல் அரிந்ததால் என்கிறா. அவவையும் முதல் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போகிறேன்.