பழைய முகவரிக்குப் போன பிட்காயின்

கிரிப்டோ எக்ஸ்சேஞ்சில் ‘டெபாசிட்’ பொத்தானை அழுத்தினால் நீளமாக ஒரு முகவரி வரும். பிட்காயினுக்கு அது 1 என்றோ 3 என்றோ ‘பிசி1’ என்றோ தொடங்கும். வங்கிக் கணக்கு எண்ணைப் போல அதைக் குறித்துவைத்துக்கொண்டு வருடக்கணக்கில் அனுப்புகிறவர்கள் உண்டு. ஆனால் அந்த முகவரிக்குரிய ரகசியச் சாவி எக்ஸ்சேஞ்சின் கையில் இருக்கிறது. வந்து விழும் காசைத் தன் பொது வாலட்டுக்கு வாரிக்கொண்டு, உங்கள் பெயரில் வரவு எழுதுவது அதன் வேலை. எந்த முகவரி யாருடையது என்ற பட்டியலும் அதனிடம் மட்டுமே.

முகவரி மாறுவதெல்லாம் ஆபத்தில்லை. பிளாக்செயின் யாரும் புரட்டிப் பார்க்கக்கூடிய பேரேடு. ஒரே முகவரியில் வாங்கிக்கொண்டிருந்தால் உங்கள் வரவை ஊரே கூட்டிப் பார்த்துவிடும். அதனால் சில எக்ஸ்சேஞ்சுகள் ஒவ்வொரு முறையும் புதிது தருகின்றன, பழையதும் செல்லும். 2018 ஜனவரியில், பிட்காயினிலிருந்து பிரிந்த நாணயமான பிட்காயின் கேஷின் முகவரிகளுக்குத் தோற்றமே மாறியது. அதுவரை அவை அச்சு அசலாகப் பிட்காயின் முகவரி மாதிரியே இருந்ததால் ஆட்கள் மாற்றி அனுப்பித் தவித்தார்கள். தோற்றம் மாறினாலும் போய்ச் சேரும் இடம் பழையதுதான்.

வாலட் மென்பொருளை மாற்றும்போதோ, சாவி திருடுபோனதாகச் சந்தேகம் வந்தோ எக்ஸ்சேஞ்ச் பழைய முகவரிகளைக் கைவிடுவது வேறு கதை. பிளாக்செயினுக்கு அது தெரியாது. பலர் கூட்டாகப் பிட்காயின் ‘வெட்டியெடுக்கும்’ மைனிங் பூலில் பழைய முகவரியைப் பதிந்துவிட்டு மறந்தவரின் காசு தானாக அங்கேயே போய்க்கொண்டிருக்கும். முகவரிக்குள் பிழை காட்டும் எழுத்துகள் உண்டு. ஓர் எழுத்து பிசகினால் வாலட் தடுத்துவிடும். பழைய முகவரியிலோ பிழையே இல்லையே! சாவி இன்னும் இருந்தால் எக்ஸ்சேஞ்ச் தேடி எடுத்துத் தரலாம், அதுவும் மனம் வைத்தால். தொலைந்திருந்தால் போனது போனதுதான். திருடனிடம் இருந்தால் வரவு அவனுக்கு.

எக்ஸ்சேஞ்சுகளே சறுக்கியிருக்கின்றன. 2011 அக்டோபரில் டோக்கியோவின் மவுண்ட் காக்ஸ் அனுப்பிய சில பரிவர்த்தனைகளில், பெறுநரைக் குறிக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. காரணம், அதன் சொந்த மென்பொருளில் கோளாறு. நெட்வொர்க் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. அப்படிப் போன 2,609 பிட்காயின்கள் பேரேட்டில் இன்றும் தெரிகின்றன. எந்தச் சாவியாலும் எடுக்க முடியாது.

‘உங்கள் டெபாசிட் முகவரி மாறிவிட்டது’ என்று மின்னஞ்சலில் புது முகவரியே வந்தால் நம்பாதீர்கள். எக்ஸ்சேஞ்சுக்குள் நீங்களே நுழைந்து பாருங்கள். முதலில் சிறு தொகை அனுப்பிச் சோதிப்பது நல்லது. ஆனால் குறைந்தபட்ச டெபாசிட் வரம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்: அதற்குக் கீழே அனுப்பினால் பல இடங்களில் வரவே வைக்க மாட்டார்கள்.