நடுவழியில் நின்ற கார்: கண்ணும் காதும் சொல்லும் செய்திகள்

மாவனல்லையிலிருந்து கண்டிக்குப் புறப்பட்டிருந்தோம். பின் ஆசனத்தில் மாமி, அவருடைய மடியில் கிளினிக் கொப்பி. எட்டு மணிக்கு முன் ஆஸ்பத்திரியில் நம்பர் எடுக்க வேண்டும். கடுகண்ணாவை ஏற்றத்தில் பாதி தூரம் ஏறியிருப்போம். எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் எஞ்சின் நின்றது. ஸ்டியரிங் கல்லாய்க் கனத்தது. பின்னால் வந்த லொறிக்காரர் ஹோர்ன் அடிக்கிறார். எப்படியோ இடது ஓரத்துக்குக் கொண்டுவந்து ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன். திறப்பைத் திருப்பினால் எஞ்சின் நன்றாகச் சுழல்கிறது. பற்றிக்கொள்ள மாட்டேன் என்கிறது.

நாற்பது நிமிடம் கழித்து உதவிக்கு ஒரு மெக்கானிக் வந்தார். தன் வாகனத்து பற்றரியிலிருந்து வயர் கொடுத்தார். கார் உடனே ஸ்டார்ட் ஆனது. "பற்றரி போய்விட்டது, மிஸ்" என்றார். அன்றே புதிய பற்றரி வாங்கினோம். இரண்டு வாரத்தில் கார் மறுபடி நின்றது. இம்முறை பெற்றோல் பம்ப் மாற்றினோம். பத்தாம் நாள் மூன்றாவது தடவையாக நின்றது. மாமி காரில் ஏறுவதற்கே பயப்படத் தொடங்கினார்.

கடைசியில் எங்கள் பகுதியிலுள்ள வயதான பாஸ் ஒருவரிடம் போனேன். அவர் பொனட்டைத் திறக்கவில்லை. "மிஸ், நிற்கும்போது என்ன நடந்தது என்று முதலில் சொல்லுங்கோ" என்று கேட்டு உட்கார்ந்தார். அன்று அவரிடம் கற்றதையும் பிறகு நானாகத் தேடி அறிந்ததையும் சகோதரிகளோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதி 2025இல்தான் மீண்டும் தொடங்கியது. ஆகவே நம்மில் பலர் ஓட்டுவது வயதான வாகனங்களையே. இந்த அனுபவம் யாருக்கும் வரலாம்.

முதலில் உயிர், பிறகு கார்

ஓடும்போது எஞ்சின் நின்றால் பிரேக் உடனே போய்விடாது. ஓரிரு தடவை நன்றாக மிதிக்கும் அளவுக்குச் சக்தி மிச்சம் இருக்கும். ஆகவே மிதித்து மிதித்து விடாமல், ஒரே சீராக அழுத்துங்கள். ஸ்டியரிங் கனத்தாலும் திரும்பும். கார் உருளும்போது திறப்பை முழுவதும் பின்னால் திருப்பி எடுக்க வேண்டாம்; ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.

இடது ஓரம் சேர்ந்ததும் நான்கு சிக்னல்களையும் எரிய விடுங்கள். ஏற்றமாயின் டயருக்குப் பின்னால் ஒரு கல் வையுங்கள். பிள்ளைகளை வீதிப் பக்கக் கதவால் இறக்க வேண்டாம். ரயில் கடவையில் நின்றுவிட்டால் ஸ்டார்ட் பண்ணிப் பார்த்துக்கொண்டிராமல் எல்லோரும் உடனே இறங்கித் தண்டவாளத்தை விட்டு விலகுங்கள். அதிவேகப் பாதையில் 1969, மற்ற இடங்களில் ஆபத்து என்றால் பொலிஸ் 119 என்ற இலக்கங்களை நினைவில் வைத்திருங்கள்.

திறப்பைத் திருப்பும்போது கேட்பது என்ன?

பெற்றோல் எஞ்சின் ஓட நான்கு விஷயங்கள் தேவை: காற்று, பெற்றோல், தீப்பொறி, இவை சரியான நேரத்தில் சேர்வது. அவற்றுக்கு முன் எஞ்சினைச் சுழற்றிவிட மின்சாரம் வேண்டும். எது இல்லை என்பதை ஓசையே பெரும்பாலும் சொல்லிவிடும்.

ஓசையே இல்லை, டாஷ்போர்ட் விளக்கும் இல்லை என்றால் பற்றரி முனைகள் தளர்ந்திருக்கலாம் அல்லது பிரதான பியூஸ் போயிருக்கலாம். முனையில் வெள்ளையாக, பச்சையாகப் பூத்திருக்கிறதா என்று பாருங்கள்.

"டிக், டிக்" என்று மட்டும் கேட்டு விளக்குகள் மங்கினால் பற்றரியில் சக்தி இல்லை. ஆனால் ஓடிக்கொண்டிருந்த காரின் பற்றரி ஏன் இறங்கியது என்று கேட்க வேண்டும். நிற்பதற்கு முன் பற்றரி அடையாளமுள்ள சிவப்பு விளக்கு எரிந்ததா? ஹெட்லைட் மங்கியதா? அப்படியானால் சந்தேகம் அல்டர்னேட்டர் மீதும் அதைச் சுற்றும் பெல்ட் மீதும்தான். நல்ல பற்றரி ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை வர வேண்டும். வராவிட்டால் புதிய பற்றரி போட்டாலும் அதுவும் இறங்கிவிடும்.

விளக்குகள் பிரகாசமாக இருந்தும் ஒரேயொரு "டிக்" மட்டும் கேட்டால் ஸ்டார்ட்டர் மோட்டாரைப் பார்க்க வேண்டும்.

எஞ்சின் வழமைபோல் வேகமாகச் சுழன்றும் பற்றவில்லையா? அப்படியானால் பற்றரியும் ஸ்டார்ட்டரும் பெரும்பாலும் குற்றவாளிகள் அல்ல. பெற்றோலோ தீப்பொறியோ வரவில்லை. எங்கள் கார் இந்த ரகம்தான். இது தெரிந்திருந்தால் பற்றரிக்குக் கொடுத்த பணம் கையில் இருந்திருக்கும்.

எஞ்சின் வழமையைவிட இலேசாக, "விர்" என்று சுழன்றால் உடனே நிறுத்துங்கள். டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். மேலும் சுழற்றினால் சில எஞ்சின்களில் வால்வுகள் வளைந்து, சிறு செலவு பெருஞ்செலவாகும்.

பெற்றோலா, தீப்பொறியா?

வானொலியை அணைத்துவிட்டு, ஸ்டார்ட் பண்ணாமல் திறப்பை "ஒன்" நிலைக்கு மட்டும் திருப்புங்கள். பல கார்களில் பின் ஆசனத்தின் அடியிலிருந்து ஓரிரு வினாடி மெல்லிய ரீங்காரம் கேட்கும். அது பெற்றோல் பம்ப். வழமையாகக் கேட்கும் அந்த ஓசை இன்று இல்லை என்றால் பம்பின் பியூஸையும் ரிலேயையும் பாருங்கள். தாங்கியில் பெற்றோல் இருப்பதையும் உறுதி செய்யுங்கள். மானியின் முள் சில வேளை பொய் சொல்லும். பம்ப் பெற்றோலில் அமிழ்ந்திருந்தே சூடு தணிகிறது. எப்போதும் கடைசித் துளிவரை ஓட்டுவது அதன் ஆயுளைக் குறைக்கும்.

பெற்றோல் வந்தும் பற்றவில்லை என்றால் தீப்பொறிப் பக்கம் பார்க்க வேண்டும். பாஸ் என்னிடம் கேட்ட கேள்விகள் இவை: "எவ்வளவு நேரம் ஓடிய பிறகு நின்றது? எவ்வளவு நேரம் கழித்து மீண்டும் ஸ்டார்ட் ஆனது? ஸ்டார்ட் பண்ணும்போது ஆர்.பி.எம். முள் அசைந்ததா?"

யோசித்தேன். மூன்று தடவையும் எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின்பே நின்றது. மூன்று தடவையும் அரை மணிக்கு மேல் ஆறிய பிறகே ஓடியது. அப்போதுதான் விளங்கியது. கடுகண்ணாவையில் காரை ஓட வைத்தது அந்த மெக்கானிக்கின் வயர் அல்ல. அவர் வந்துசேர எடுத்த நாற்பது நிமிடம்! எதையாவது செய்தவுடன் கார் ஓடினால், அதனால்தான் ஓடியது என்று முடிவுகட்டக் கூடாது என்பதை அன்று கற்றேன்.

பாஸ் காரை முற்றத்திலேயே ஓட விட்டார். அரை மணிக்கு மேல் சென்று அது நின்றது. ஸ்கேனரைப் பொருத்தி எஞ்சினைச் சுழற்றினார். எஞ்சின் சுற்றுகிறது, ஆனால் கருவி வேகத்தைப் பூச்சியம் என்று காட்டுகிறது. குற்றவாளி கிராங்க் சென்ஸர். எஞ்சின் எந்த நிலையில் சுழல்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சிறு உறுப்பு அது. உள்ளேயுள்ள மெல்லிய கம்பிச் சுருள் சூட்டில் விரிந்து தொடர்பு விடும். ஆறியதும் மறுபடி சேரும். செய்தி வராவிட்டால் கம்ப்யூட்டர் தீப்பொறியை எப்போது கொடுப்பது என்று அறியாது. சூடேறிப் பழுதாகும் இக்னிஷன் கொயிலும் இதே நாடகத்தை ஆடலாம். ஆகவே சோதித்துப் பார்த்தே மாற்ற வேண்டும்.

அந்த உறுப்புக்கும் கூலிக்கும் சேர்த்துக் கொடுத்தது, வீணாக வாங்கிய பற்றரியின் விலையில் பாதிகூட இல்லை.

செய்யக் கூடாதவை

வெள்ளத்தில் போய் நின்ற காரை மீண்டும் ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம். எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் உள்ளுறுப்புகள் வளைந்துவிடும். தள்ளிக் கரை சேருங்கள்.

வெப்ப முள் மேலே ஏறியிருந்தால் ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்காதீர்கள். கொதிநீர் முகத்தில் பாயும்.

ஒரு தடவைக்குப் பத்து வினாடிக்கு மேல் சுழற்றாதீர்கள். இடையில் அரை நிமிடமாவது ஓய்வு கொடுங்கள்.

ஹைபிரிட் கார்களில் செம்மஞ்சள் நிற வயர்களைத் தொட வேண்டாம். அவற்றில் உயர் மின்அழுத்தம் உண்டு. ஆனால் அவற்றிலும் சிறிய 12 வோல்ட் பற்றரி ஒன்று இருக்கிறது. அது இறங்கினாலும் கார் எழும்பாது.

ஒரு சிறு கொப்பி

இப்போது காரில் ஒரு கொப்பியும் பேனையும் வைத்திருக்கிறேன். எத்தனை மணிக்கு நின்றது, எவ்வளவு தூரம் ஓடியிருந்தது, எந்த விளக்கு எரிந்தது, ஸ்டார்ட் பண்ணும்போது என்ன ஓசை, எப்போது மீண்டும் ஓடியது என்று அதில் எழுதுவேன். கராஜில் "பற்றரி போட்டுத் தாங்கோ" என்று சொல்வதில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். "ஏன் இதை மாற்றுகிறீர்கள், எப்படிச் சோதித்தீர்கள்?" என்று கேட்கிறேன். கழற்றிய பழைய உறுப்பைக் கையில் வாங்கிப் பார்க்கிறேன். நல்ல பாஸ்மார் இதற்குக் கோபிப்பதில்லை. மகிழ்ச்சியோடு விளக்கம் சொல்கிறார்கள்.

நமக்கு ஒன்றும் தெரியாது என்று நாமே முடிவு செய்துவிட்டால் பிறர் சொல்வதற்கெல்லாம் பணம் கொடுக்க வேண்டியதுதான். சோறு அடிப்பிடிப்பதை மணத்தில் அறிகிறோம். பிள்ளைக்குச் சுகமில்லை என்பதை அழுகையில் அறிகிறோம். காரும் அப்படித்தான், சகோதரிகளே. அது ஓசையில் பேசுகிறது. நாம் காது கொடுத்தால் போதும்.

போன மாதம் மாமியோடு மீண்டும் கடுகண்ணாவை ஏறினேன். உச்சிக்கு வரும்வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஏறி முடித்த பிறகு மெல்லக் கேட்டார்: "இனி நிற்காதா மகள்?"

"நின்றாலும் ஏன் என்று கண்டுபிடிக்கலாம், மாமி" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே கிளினிக் கொப்பியை மடியில் சரிசெய்து வைத்தார். அன்று ஆஸ்பத்திரியில் எங்களுக்கு ஏழாம் நம்பர் கிடைத்தது.