நீர்ப்பம்பியைச் சரிவில் நிறுத்தற்க

மடவளையைச் சூழ்ந்த சரிவு நிலங்களில், ஓடையோரம் பெற்றோல் இயந்திரத்தை வைத்து மரக்கறிக்கு நீர் இறைக்கும் கமக்காரர் அதனைச் சாய்வாக நிறுத்துதல் ஆகாது.

இத்தகைய சிறு இயந்திரங்கள் பலவற்றில் எண்ணெயைத் தள்ளும் பம்பி கிடையாது. பிஸ்டனைத் தாங்கும் தண்டின் அடியிலுள்ள சிறு அகப்பையே, தொட்டியிலுள்ள எண்ணெயில் தோய்ந்து அதனை எங்கும் தெறிக்கச் செய்கின்றது. இயந்திரம் சாய்ந்தால் எண்ணெய் ஒருபுறம் ஒதுங்கும். அகப்பை வெறுங்காற்றையே அள்ளும். உலோகத்தோடு உலோகம் உராய்ந்து பிஸ்டன் இறுகிவிடும். டேர்போ பூட்டிய பெற்றோல் கார்களில், நிமிடத்துக்கு இலட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் அச்சும் மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மீதே ஓடுகின்றது. ஆயினும் அங்கே எண்ணெயைத் தள்ளப் பம்பியுண்டு.

வால்வுகள் உரிய நேரத்தில் திறப்பதும் எண்ணெயைப் பொறுத்ததே. நிமிடத்துக்கு 3600 சுற்று ஓடுகையில் ஒவ்வொரு வால்வும் செக்கனுக்கு 30 தடவை திறந்து மூடும். எண்ணெய் குறைந்தால் வால்வை உயர்த்தும் மேடு தேயும், வால்வு பிந்தித் திறந்து முந்தி மூடும், வலு குன்றும். மாறாக, வால்வின் இடைவெளி மிகக் குறுகினால் அது முற்றாக மூடாது கருகும். இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது, கைந்நூலிற் கூறிய அளவுக்கே இடைவெளியைத் திருத்துக.

5½ குதிரைவலு இயந்திரம் கொள்வது ஏறக்குறைய 600 மில்லிலீற்றர் எண்ணெயே. நாடோறும் அளவு பார்ப்பது பெரிய வேலையன்று. புதிய இயந்திரத்துக்கு முதல் 20 மணி ஓட்டத்தின் பின்னும், அப்பால் 100 மணிக்கொரு தடவையும் எண்ணெயை மாற்றுக. சரிவில் இரு முழ அகலத்துக்கு மண்ணை வெட்டிச் சமமாக்கி, பலகையிட்டு, அதன்மேல் இயந்திரத்தை நிறுத்துக. கழித்த எண்ணெயை ஓடையில் ஊற்றற்க.