ஏறியவை நாற்பது, ஏற்றியவை மூன்று

விண்வெளிக்குப் போய் வந்தவர்கள் 600 பேருக்கு மேல். 40-க்கும் அதிகமான நாடுகளைச் சேர்ந்தவர்கள். ஆனால் சொந்த ராக்கெட்டில் ஆளை ஏற்றி அனுப்பிய நாடுகள் மூன்றே: 1961இல் சோவியத் யூனியன், அதே ஆண்டு அமெரிக்கா, 2003இல் சீனா. மற்றவர்கள் அடுத்தவர் வண்டியில் இடம் பிடித்தவர்கள். செக்கோஸ்லோவாகியாவின் விளாதிமிர் ரெமெக்கை 1978இல் அழைத்துப்போன மாஸ்கோ, பிறகு வியட்நாம், கியூபா, மங்கோலியா என்று தோழமை நாட்டவரை வரிசையாக ஏற்றிக்கொண்டது. 1984 ஏப்ரலில் இந்தியாவின் ராகேஷ் சர்மா போனதும் அந்த வரிசையில்தான். 2025 ஜூனில் இரண்டாவது இந்தியராகச் சுபான்ஷு சுக்லா போனபோது உடன் ஒரு போலந்துக்காரரும் ஒரு ஹங்கேரிக்காரரும் இருந்தார்கள். அந்த இரு நாட்டு அரசுகளும் நம்மைப் போலவே இரண்டாவது ஆளை அனுப்ப 40 ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தவை. சோவியத் கதவு அடைபட்டதும் மூன்று நாடுகளும் ஒன்றாகத் தரையில் நின்றுவிட்டன. ஆகவே ஆள் போய் வந்ததை வைத்து ஒரு நாட்டின் திறமையை அளப்பது சரியல்ல.

ஏற்றுவது ஏன் இவ்வளவு கடினம்? சிவகாசி, சாத்தூர் பக்கம் பட்டாசு மருந்தோடு புழங்குகிறவர்களுக்கு இதில் பாதி தெரிந்த விஷயம். காகிதக் குழாயில் மருந்தைக் கெட்டித்து, களிமண்ணால் அடைத்து, சிறு துவாரம் விட்டுச் செய்த ராக்கெட்டில் திரி பற்றிவிட்டால் அணைக்க வழியில்லை. இந்தியா ஆளை அனுப்பவிருக்கும் ககன்யான் கலத்தைச் சுமக்கப்போகும் எல்விஎம்3 ராக்கெட்டின் இருபுறமும் தலா சுமார் 200 டன் திட எரிபொருள் உண்டு. அதன் குணமும் அதுவே. உள்ளே செயற்கைக்கோள் இருந்தால் நஷ்டம் பணத்தோடு போகும். ஆள் இருந்தால், கோளாறு தெரிந்த நொடியிலேயே கலத்தைப் பிய்த்துக்கொண்டு விலகும் தப்பிப்பு அமைப்பு வேண்டும். வேடிக்கை என்னவென்றால், அதை இழுப்பதும் திட எரிபொருள்தான். நிறுத்த முடியாத அந்த மருந்துதான் நொடியில் முழு வேகம் தரும். 1983 செப்டம்பரில் பைக்கனூர் ஏவுதளத்தில் சோயுஸ் ராக்கெட் தீப்பிடித்தபோது இரண்டு வீரர்கள் பிழைத்தது இதனால்தான். இந்தியா இதை 2023 அக்டோபர் 21 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் ஆளில்லாமல் சோதித்தது.

அப்படியானால் சுக்லாவுக்காகக் காசு கொடுத்து அடுத்தவர் வண்டியில் இடம் வாங்கியது வீண்தானே என்று கேட்கலாம். அப்படிச் சொல்லிவிட முடியாது. ககன்யானுக்குத் தேர்வான நால்வரில் சுக்லாவும் ஒருவர். எடையற்ற நிலையில் உடல் படும் பாட்டைத் தரைப்பயிற்சி முழுதாகக் கற்றுத்தராது. கல்பனா சாவ்லா நம் கணக்கில் வரமாட்டாரா என்பது இன்னொரு கேள்வி. பிறந்தது ஹரியானாவில் என்றாலும் பறந்தது அமெரிக்கக் குடிமகளாக. பெருமைப்படலாம், கணக்கில் சேர்க்க முடியாது. குலசேகரன்பட்டினத்திலிருந்து ஆட்கள் கிளம்புவார்கள் என்று தென்மாவட்டங்களில் யாராவது எதிர்பார்த்தால் அதுவும் நடக்காது. அங்கே வருவது சிறு செயற்கைக்கோள்களுக்கான தளம். ஆள் ஏறுவதற்குத் தென்கோடியின் பங்கு மகேந்திரகிரியில் இருக்கிறது: எல்விஎம்3-இன் மேலடுக்கு கிரையோஜெனிக் என்ஜினை, மனிதரைச் சுமக்கத் தகுதியானதா என்று திரும்பத் திரும்ப எரித்துப் பார்த்தது அங்கேதான்.